கிணற்றின் மேல் ஒரு நிறம்

கள்ளக்குறிச்சியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். புதுக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்ளும் முன் அதை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்க்காத ஆளை நான் இதுவரை கண்டதில்லை. சாய்த்ததும் கண்ணாடியின் மேல் பச்சையாக ஒன்று பளபளக்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் ஊதாவாகும். "இன்னாம்மா இது, அழுக்கா?" என்பார்கள். அழுக்கில்லை, கண் கூசாமல் இருக்கப் பூசியிருக்கிறது என்பேன். "தொடச்சா கலர் போயிடுமா?" என்பார்கள். போவதற்கு அதில் கலரே இல்லை, பூச்சு அவ்வளவு மெலிசாக இருப்பதால் வெளிச்சம் பட்டு அப்படித் தெரிகிறது என்று சொன்னால், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதலாளியிடம் போய் அதே கேள்வியைக் கேட்பார்கள்.

நான் கோபித்துக்கொள்வதில்லை. கண்ணுக்கு முன்னால் பச்சையாக ஒன்று அடிக்கும்போது அங்கே பச்சையே இல்லை என்று ஒருத்தி சொன்னால் எவர் நம்புவார்? எங்கள் அப்பாவும் நம்பவில்லை. அப்படிப்பட்ட ஒரு நிறத்தை நம்பித்தான் அவர் ஒருமுறை கூடப்பிறந்த தம்பியையே தலைமுழுகப் பார்த்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நிலம் பிரிந்துவிட்டது, வீடு பிரிந்துவிட்டது, கிணறு மட்டும் பிரியவில்லை. கிணற்றை எப்படிப் பிரிப்பது? அதனால் முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு எங்கள் முறை என்றால் நாளைக்கு அவர்கள் முறை. விளக்கு வைக்கிற நேரத்தில் முறை மாறும். மோட்டார் கொட்டகைச் சாவி எங்கள் வீட்டு ஆணியிலிருந்து அவர்கள் வீட்டு ஆணிக்குப் போகும். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை, திருப்பிக் கொண்டுவருவது சித்தப்பா மகளின் வேலை. அவள் என்னைவிடச் சில மாதம் இளையவள். அக்கா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, "இன்னாடி" என்றுதான் கூப்பிடுவாள். சாவி கொடுக்கப் போனால் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவோம். இரண்டு வீட்டுக் குழம்பும் இரண்டு பேருக்கும் அத்துப்படி.

இதில் சிக்கல் எங்கே வந்ததென்றால், சித்தப்பா ஒரு டிராக்டர் வாங்கினார். எவரோ ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட பழைய வண்டி. ஆனாலும் அது மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு இழுத்தது. அப்பா மாட்டு வண்டியில் கரும்பேற்றிக்கொண்டு விடியலிலேயே கிளம்புவார். பாதி வழியில் சித்தப்பாவின் டிராக்டர் வந்து முந்தும். முந்தும்போது சித்தப்பா ஹார்ன் அடிப்பார். அண்ணனாச்சே, மரியாதைக்கு அடித்தேன் என்று அவர் சொல்வார். அப்பா அந்த மரியாதையை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். "அந்த எண்ணெச் சட்டி மேல செத்தாலும் குந்த மாட்டேன்" என்று வீட்டில் ஒருநாள் சொன்னார். அவரை யாரும் குந்தச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பாதி வரை விடவில்லை. கிணறு படி தெரியாமல் நிறைந்து, குனிந்தால் கை நனைகிற அளவுக்கு மேலே வந்துவிட்டது. வயலெல்லாம் ஈரம், மோட்டார் போட வேண்டிய அவசியமே இல்லை. மழை விட்டு நாலைந்து நாள் கழித்து அப்பா காளைகளுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பியபோது நானும் பின்னால் போனேன். வாளியால் மொண்டு தொட்டியில் ஊற்றினார். ஒரு காளை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதைப் பார்த்து இன்னொன்றும் திருப்பிக்கொண்டது. அப்பா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். கிழக்கு மூலையில் தண்ணீரின் மேல் நீலமும் கத்தரிப்பூ நிறமும் பரந்து கிடந்தன, ஓரங்களில் பொன் மினுங்கியது. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நீலம் பச்சையாக மாறியது. மயில் கழுத்தைத் தவிர வேறெங்கும் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. கைதட்டிக் குதிக்கத் தோன்றியது. அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"டீசலு."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மழை நாளில் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் பள்ளத்துக்குப் பள்ளம் இதே நிறம்தான் மிதக்கும். கிணற்றின் கல்லிடுக்கில் வேறு செக்கச்செவேலென்று கூழ் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. அதுவும் டீசல் கசடு என்று அப்பா முடிவுகட்டினார். ஊரில் டீசலோடு புழங்குகிறவர் சித்தப்பா ஒருவர்தான். வண்டி கழுவுவதும் கிணற்றடியில்தான்.

சித்தப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்தார். "வண்டி கழுவுறதுக்கு ஒனுக்கு இந்தக் கெணறுதான் கெடச்சுதா? மாடு மூஞ்சத் திருப்பிக்கினு போவுது பாரு" என்றார் அப்பா. வண்டி மழை பிடித்த நாளாய் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை, எங்கிருந்து டீசல் வரும் என்றார் சித்தப்பா. பேச்சு தடித்தது. தம்பியைத் தாம் வளர்த்த வளர்ப்பே சரியில்லை என்பதுவரை அப்பா போனார். கடைசியில் சித்தப்பா, "ஒனுக்குத் தண்ணி மேல கோவம் இல்லண்ணா, என் வண்டி மேல கோவம். நீயே ஊத்திட்டு எம்மேல பழி போடுறியோ இன்னாவோ" என்றார். அதோடு பேச்சே நின்றுபோயிற்று. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, பொங்கல் கழியட்டும், பேசிக்கொள்ளலாம், அதுவரை ஒருவரும் கிணற்றைத் தொடக்கூடாது என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதில் நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். எவரும் தொடாததால் தண்ணீர் அசையவில்லை. அசையாத தண்ணீரில், பாலாடை போல மிதந்த அந்த ஏடு நாளுக்கு நாள் பரவியது, தடித்தது, நிறம் ஏறியது. அப்பா காலையில் தம் வரப்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி மறுபடியும் வந்து ஊற்றியிருக்கிறான் என்பார். அந்தப் பக்கத்து வரப்பில் நின்று சித்தப்பாவும் அதையேதான் சொல்வாராம். "டீசல் விக்கிற விலையில எவனாவது தெனம் கொண்டாந்து கெணத்துல ஊத்துவானா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அம்மா குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். இரண்டு வீட்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மாதத்தில் புத்தியோடு பேசப்பட்ட பேச்சு அது ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில்தான் அத்தை மகள் பெரியவளானாள். அத்தை அப்பாவுக்கு நேர் இளையவள், சித்தப்பாவுக்கு மூத்தவள். ரிஷிவந்தியம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மார்கழி பிறப்பதற்குள் மஞ்சள் நீராட்டு வைத்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை நாள் குறித்துவிட்டார்கள். தாய்மாமன் சீர் வந்தால்தான் பெண்ணுக்குத் தலையில் தண்ணீர். இரண்டு தாய்மாமன் இருக்கிற பெண்ணுக்கு ஒரு மாமன் தட்டு மட்டும் வந்தால், புகுந்த வீட்டில் அத்தை அதற்கப்புறம் தலைநிமிர முடியுமா? அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்று அப்பா சொல்லியனுப்பினார். சித்தப்பாவும் சொல்லியனுப்பினார். சேதி கேட்டு அத்தை பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வந்தவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், வாங்கவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணா வந்து எறங்குனாத்தான் எனுக்கு மரியாதண்ணா. தனித்தனியா வர்றதுன்னா ஒருத்தரும் வர வேணாம். எனுக்குப் பொறந்த வூடே இல்லன்னு நெனச்சிக்கிறேன்" என்றாள். பிறகு சித்தப்பா வீட்டு வாசலுக்குப் போய் அங்கேயும் இதையே சொன்னாள். சித்தி கொண்டுவந்த தண்ணீரையும் தொடவில்லை. நல்ல வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அம்மா எங்கள் வாசலிலும் சித்தி அவர்கள் வாசலிலும் ஆளுக்கொரு சொம்போடு நின்று அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பசியில்லை என்றார்.

எங்களைப் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு, அங்கே பங்காளிப் பகை செல்லுபடியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிணற்றடிக்கு வருவதென்று பேசிவைத்தோம். பெரிய துப்பறியும் நோக்கமெல்லாம் இல்லை. அந்த நிறத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று இருவருக்குமே ஆசை, அவ்வளவுதான்.

கிணறு முழுக்க மூடியிருந்தது. வெயில் சாய்வாக விழுந்து நீலமும் பொன்னுமாக மின்னியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். வடித்த கஞ்சி ஆறினால் மேலே ஆடை கட்டுமே, அதைக் கரண்டியால் குத்தினால் எப்படிக் கிழியுமோ அப்படிக் கிழிந்தது. துண்டு துண்டாக, கோணல் மாணலாகப் பிரிந்து மிதந்தது. நடுவே தெளிந்த தண்ணீர் தெரிந்தது. துண்டுகள் திரும்பச் சேரவே இல்லை.

"டீசல் இப்டி ஒடையாதுடி" என்றாள் அவள்.

டிராக்டர்காரர் மகள். வண்டிக்கடியில் சொட்டுகிற டீசலைக் குச்சியால் கலக்கி விளையாடி வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஓடிப்போய் ஒரு பாட்டில் மூடியில் டீசல் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் எங்கள் வீட்டிலிருந்து சோறு வடிக்கிற அகலமான பேசின்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒன்றில் வாய்க்கால் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு டீசல் விட்டோம். பரவி, அதே நீலம், அதே பொன். ஈர்க்குச்சியால் கிழித்தோம். கோடு விழுந்தது. குச்சியை எடுத்ததும் நழுவி வந்து மூடிக்கொண்டது. எத்தனை முறை கிழித்தாலும் மூடிக்கொண்டது. இன்னொரு பேசினைக் கிணற்றில் சாய்த்து அந்த ஏட்டை மெல்ல வழித்தெடுத்தோம். குத்தினால் உடைந்தது, உடைந்தது உடைந்தபடியே கிடந்தது. நான் ஒரு துண்டை விரலில் ஒட்டியெடுத்துப் பார்த்தேன். நீலமும் இல்லை, பொன்னும் இல்லை. விரல் நுனியில் துருப்பிடித்த தகரத்தைத் தொட்ட மாதிரி ஒரு பழுப்பு, அதே துரு வாடை. நிறம் எங்கே போயிற்று என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

விளங்காவிட்டாலும் ஒன்று மட்டும் தெரிந்துவிட்டது. யாரும் எதையும் ஊற்றவில்லை. இதைச் சொன்னால் சண்டை தீர்ந்துவிடும். ஆளுக்கொரு பேசினைத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தோம். நான் சற்று முன்னால் போனேன்.

வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். சண்டைக்கப்புறம் அன்றுதான் எங்கள் வாசலை மிதிக்கிறார். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான்தாண்ணா ஊத்துனது. வண்டிக்கு டீசல் மாத்தசொல்ல கை தவறிடுச்சு. பயந்துகினு இல்லன்னுட்டேன். நீ இன்னா பண்ணணுமோ பண்ணு. வெள்ளிக்கெழம மட்டும் ஒண்ணா போயிட்டு வந்துடலாம்."

தாம் சொன்னது பலித்துவிட்ட ஒரு மனிதரின் முகம் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது அப்பாவின் முகம். எனக்குத் தாங்கவில்லை.

"பொய்!" என்று கத்தினேன். "சித்தப்பா பொய் சொல்றாரு! அது டீசலே இல்ல!"

சித்தப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "அந்தாண்ட போ பாப்பா, பெரியவங்க பேசசொல்ல" என்றார். கண்ணால் வேறு ஏதோ சாடை காட்டினார். நான் சாடைக்கெல்லாம் மசிகிற ஆளில்லை. அதற்குள் அவர் மகளும் டீசல் பேசினோடு வந்து சேர்ந்துவிட்டாள். இரண்டையும் அப்பாவின் காலடியில் வைத்தோம். இதைக் கிழி, மூடிக்கொள்ளும். இதைக் கிழி, மூடாது. வாத்தியாரம்மா மாதிரி மாறி மாறிச் சொன்னோம். அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்தாள், தன் பேசினில் டீசல் மிதப்பதைக் கண்டும் திட்ட மறந்துவிட்டாள்.

அப்பா குனிந்து முதல் பேசினில் விரலை இழுத்தார். மூடிக்கொண்டது. இரண்டாவதில் இழுத்தார். உடைந்தது. உடைந்த துண்டுகளை மறுபடி உடைத்தார். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அப்ப ஏண்டா ஒத்துக்கின?"

சித்தப்பா துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார். "அக்கா ஒரு வாய் தண்ணி குடிக்காம பஸ் ஏறிச்சேண்ணா" என்றார்.

அப்பா எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "வண்டிய எடு" என்றார்.

எங்கள் காளை வண்டியைத்தான் சொல்கிறார் என்று அம்மாவும் நானும் நினைத்தோம். சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு வந்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சட்டி என்று அவர் சொன்ன அதே வண்டியில், தம்பிக்குப் பக்கத்தில் சக்கரத்து மூடியின் மேல் ஏறிக் குந்தினார். நாங்கள் எல்லோரும் டிரெய்லரில். சங்கராபுரம் வழியாக ரிஷிவந்தியம் போகிற வரை சித்தப்பா ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை. எதிரில் மாடு வந்தபோதும் அடிக்கவில்லை. அப்பாதான் கடைசியில், "அடியேண்டா, மாடு மேல ஏத்திடப் போற" என்று அதட்டினார்.

அத்தை வீட்டு வாசலில் போய் நின்றோம். சத்தம் கேட்டு வெளியே வந்தவள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீரோடு வந்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா வாங்கி, அதை அப்படியே அவளிடம் திருப்பிக் கொடுத்து, "மொதல்ல நீ குடி" என்றார். அத்தை குடித்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். பாதி வாயிலும் பாதி புடவையிலுமாகப் போயிற்று. அழுகிறாளா குடிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

கண்ணாடிக் கடைக்கு வந்த பிறகு, இந்தப் பூச்சின் நிறத்தைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் அந்த ஏடு என்னவென்று எனக்கு விளங்கியது. எங்கள் மண்ணில் இரும்பு ஜாஸ்தி. மழைக்கு மேலேறி வந்த ஊற்று நீரில் அந்த இரும்பைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மெல்லிய தோலாகப் படிந்துவிடுகின்றன. டீசலும் தண்ணீரில் மெலிசாகப் பரவும், இதுவும் மெலிசாகப் படியும். வெளிச்சத்துக்கு மெலிசு ஒன்றுதான் கணக்கு, எது மெலிசாக இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. நிறத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்பா சொன்னதில் பிசகே இல்லை. சோப்பு நுரை, புறாக் கழுத்து, சூடேறி ஊதாவாகிப் போன பைக் சைலன்ஸர் என்று எங்கே அந்தப் பளபளப்பைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிடும். மனசு நிறைந்துபோகும். உடைகிற சாதி ஏடாகப் பார்த்து அந்தக் கிணறு எங்களுக்குக் காட்டியதே என்று கைகூப்பத் தோன்றும். அதைவிட, செய்யாத தப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாரே சித்தப்பா, அவரை நினைத்துத்தான் ஜாஸ்தி தோன்றும்.

அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? வெள்ளிக்கிழமை இரண்டு மாமன்களும் தட்டுகளோடு டிராக்டரில் போய் இறங்கினார்கள். பெண்ணை உட்காரவைக்கிற மாமன் குடிசைக்குப் பச்சை ஓலையை அப்பா பிடிக்கச் சித்தப்பா கட்டினார். அத்தை வாசலுக்கும் உள்ளுக்கும் நூறு தரம் நடந்து, எங்க பொறந்த வூட்டு ஆளுங்க, எங்க பொறந்த வூட்டு ஆளுங்க என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சித்தப்பா மகளும் சண்டையைத் தீர்த்துவைத்தவர்கள் என்ற தோரணையில் திரிந்தோம். கண்டுபிடித்தது நீயா நானா என்று எங்களுக்குள் தனியாக ஒரு சண்டையும் நடந்தது.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல் இருந்தது. சித்தப்பா பொய் சொன்னார். அதுவும் பெரியவர்கள் முன்னால், வாய் கூசாமல் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் முட்டி போட வைப்பார்கள். இவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அப்பாகூட அவர் இலையில் வடையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை சித்தப்பாவுடையது. பாயசம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பக்கம் சாய்ந்து, "சித்தப்பா, நீங்க சொன்னது பொய்தானே? இனிமே அப்டி சொல்லாதீங்க" என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். கிண்டல் செய்யவில்லை. "சரிம்மா, சொல்லல" என்றார்.

அவர் திருந்திவிட்டார் என்று எனக்குத் திருப்தியாயிற்று. பெரிய மனது பண்ணி, அந்த இலையிலேயே அவரை மன்னித்துவிட்டேன்.